மித்ராவின் எலும்புகள்

2024 ஜூலை 8, திங்கள்
வேலைக்குத் திரும்பி ஐந்து வாரம். ஷூ கம்பெனியில், தையல் லைனில், இன்று என்னால் வேலை எதுவும் தேங்கவில்லை. மித்ராவுக்கு ஏழு மாதம் முடிந்தது. இன்னும் பல் வரவில்லை. பக்கத்துத் தெரு பில்கிஸ் அக்கா பகலில் மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். இவளும் அதில் ஒருத்தி. சாயங்காலம் நான் கை நீட்டினால் அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். கொஞ்சம் பொறாமைதான்.

ஜூலை 11, வியாழன்
மூன்று மணிக்கு அக்காவிடமிருந்து போன். ஓடினேன். மித்ராவின் இடது தொடை வீங்கியிருந்தது. தொட்டாலே அலறினாள்.
"டயப்பர் மாத்த கால தூக்கினேம்மா. ஒரு சத்தம் கேட்டுச்சு. அவ்ளோதான். சத்தியமா கீழ வுடல" என்றார் அக்கா.
ஆம்பூரிலேயே எக்ஸ்ரே எடுத்தோம். தொடை எலும்பு முறிந்திருக்கிறது. டயப்பர் மாற்றினால் எலும்பு முறியுமா?
கட்டுப் போட்டுத் திரும்பியதும் நேராக அவர் வாசலுக்குப் போய்க் கத்தினேன். "என் கொழந்தைய இன்னா பண்ண? உண்மைய சொல்லு." அக்கா என்றுகூடக் கூப்பிடவில்லை. வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

ஜூலை 14, ஞாயிறு
ஜாஸ்மின் தன் பையனை பில்கிஸிடம் அனுப்புவதை நிறுத்திவிட்டாளாம். இன்னொரு வீட்டிலும் நிறுத்திவிட்டார்கள். நல்லா வேணும்.

ஜூலை 18, வியாழன்
வேலூருக்குப் போனோம். உடம்பு முழுவதும் எக்ஸ்ரே. என்னையும் மதியழகனையும் - புருஷனைத் தனியாக, பெண்டாட்டியைத் தனியாக - டாக்டர் கேத்தரின் கூப்பிட்டுக் கேட்டார்.
"வீட்ல சண்டை வருமா? கோவத்துல யாராவது குழந்தைய உலுக்கியிருக்கீங்களா?"
மெதுவாகத்தான் கேட்டார். இல்லை என்றேன். செய்யவில்லை என்பதை எப்படிக் காட்டுவது?

ஜூலை 22, திங்கள்
யாரும் அடிக்கவில்லை. பிறவியிலேயே எலும்பு பலவீனம்.
டாக்டர் காகிதத்தில் வரைந்து சொன்னார். வயிற்றில் முதலில் கை கால் எலும்பெல்லாம் காது மடல் மாதிரி வளைகிற குருத்துதானாம். மாதம் ஆக ஆகச் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகுகிறது. பிறந்த பிறகும் பல வருஷம் அந்த வேலை நடக்கிறது. ஆனால் சுண்ணாம்பு மட்டும் போதாது, அதைப் பிடித்துக்கொள்ள உள்ளே நார் வேண்டும்.
"கான்கிரீட்டுக்குள்ள கம்பி மாதிரி. பாப்பாவுக்கு அந்தக் கம்பி சரியா உருவாகல. இதுல யார் தப்பும் இல்ல."
எல்லோரும் அழகு என்ற, மித்ராவின் நீலம் படிந்த கண்வெள்ளையும் இதன் அடையாளமாம்.
விலா எலும்பில் இரண்டு பழைய முறிவுகள். ஆறி வருகின்றன. குறைந்தது இரண்டு மாதம் ஆகியிருக்கும் என்றார்.
இரண்டு மாதத்துக்கு முன் லீவில் வீட்டில் இருந்தது நான். அவளை வேறு யாரும் தூக்கவில்லை. ஏப்ரலில் ஒருநாள் குளிப்பாட்டும்போது வீரிட்டு அழுதாள். வாயு என்று நினைத்து கிரைப் வாட்டர் கொடுத்தேன்.
அப்போ ஒடச்சது நானா? என் கையா?

ஜூலை 23, செவ்வாய்
வயிற்றுக்குள் அப்படி உதைத்தாளே. அப்போதும் ஏதாவது ஒடிந்திருக்குமோ?

ஜூலை 27, சனி
பில்கிஸ் அக்கா வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் இல்லாத வீட்டில் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். முதலில் மித்ராவைப் பற்றித்தான் கேட்டார். "வலி ஜாஸ்தியா இருக்குதா அதுக்கு?"
எல்லாம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். சுற்றுவதை நிறுத்தவில்லை.
"என்கிட்ட எதுக்கு சொல்ற சௌமியா? அன்னிக்குத் தெருவுல சொன்ன. இதையும் தெருவுல சொல்லு."

ஜூலை 28, ஞாயிறு
தெருவில் சொல்ல வேண்டாம் என்றார் மதி. "எலும்பு ஒடியற பொண்ணுன்னு பேரு வந்துடும். நாளைக்கு அவளுக்குத்தான் பேஜாரு." அது பயம். ஆனால் அதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியவில்லை.
தண்ணீர் லாரி வந்ததும் குடத்தோடு போனேன். ஜாஸ்மினோடு ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.
"அக்கா மேல நான் சொன்னது தப்பு. கொழந்தைக்கு வியாதி. என் கையிலயே ரெண்டு எலும்பு ஒடஞ்சிருக்கு, எனக்கே தெரியல."
குடத்தை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மதி சாப்பிடாமல் வெளியே போய்விட்டார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி
எலும்பைக் கெட்டிப்படுத்த டிரிப். சில மாதங்களுக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். நர்ஸ் பொன்மலர் தூக்கக் கற்றுக்கொடுத்தார். அக்குளில் பிடிக்கக் கூடாது. விரல்களை விரித்து ஒரு கை இடுப்புக்கு அடியில், ஒரு கை தலைக்கும் தோளுக்கும் அடியில். டயப்பருக்குக் காலைத் தூக்கவே கூடாது. இனி முறியாது என்று அவர் சொல்லவில்லை. முறிந்தால் எப்படிக் கட்ட வேண்டும் என்று சொன்னார்.

செப்டம்பர் 8, ஞாயிறு
பில்கிஸ் அக்கா வந்தார். ஜாஸ்மினின் பையன் திரும்ப வருகிறானாம். நான் மித்ராவுக்குத் துணி மாற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நர்ஸு சொன்னத எனக்கும் காட்டு" என்றார். கட்டுப் போடுவது வரை காட்டினேன். தலையணையை வைத்து ஐந்தாறு முறை தூக்கிப் பழகினார். மித்ராவைத் தொடவில்லை. "இன்னிக்கு இது போதும்."

அக்டோபர் 3, வியாழன்
மறுபடி வேலைக்குப் போய் நாலாவது நாள். மித்ரா அக்காவிடம். கை மெஷினில், கண் போனில்.

அக்டோபர் 24, வியாழன்
பதினொன்றரைக்கு அக்காவிடமிருந்து போன். "சௌமியா" என்றார். பின்னால் மித்ரா அழுதாள்.
"எந்த எடத்துலக்கா?"
"வலது கை. சட்ட போட்டேன். மெதுவாதான் போட்டேன் சௌமியா, மெதுவாதான்..."
"தெரியும்க்கா. நெஞ்சோட சேத்து துணியால கட்டுங்க. வர்றேன்."
போனபோது சரியாகக் கட்டி, பாயில் படுக்க வைத்திருந்தார். அவர் சுவரோரம் ஒதுங்கி, இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்து உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.
மித்ராவை மெல்லத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். முந்தானைக்குள்ளிருந்து கைகள் வெளியே வர ஒரு நிமிஷம் ஆயிற்று.
காரில் வேலூர் வரைக்கும் அவர்தான் வைத்திருந்தார்.