முன் பாய்லர் பக்கம்

கால்க் பே
1997 ஜூலை 20, ஞாயிறு

அன்பு மகன் டெனோவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் எல்லாரும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தத் தூர தேசத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பூசையிலும் உன் அம்மா உனக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் வெளியே வருகிறாள். வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதைப் படித்த பிறகு இதெல்லாம் உனக்கு மனதில் ஏறாது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் மாடிப்படி ஏறாதே என்றார், அவள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்கிவிட்டு என்னை முறைக்கிறாள். உன் தங்கை சாந்தலின் குழந்தைக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது, எடுப்பான மூக்கு, நம் ஃப்ளோரெஸ் மூக்கு, பாவம். ஸ்னூக் மீன் இந்த வருஷம் நன்றாக ஓடுகிறது, துறைமுகத்தில் கால் வைக்க இடமில்லை. நீ அங்கே டப்பாவில் அடைத்த மீனைச் சாப்பிடுவதாக எழுதியிருந்தாய், அதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அன்று உன்னோடு கடலடியில் இறங்கிய எல்ரிக்கோவின் அம்மா ஃபிலிடா ஆன்ட்டிக்கு நீ எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை, அடுத்த மாதம் ஆபரேஷன், அதனால் இன்று காலை பூசை முடிந்ததும் என் சட்டைக் கையைப் பிடித்து, வேறு யாரும் படிக்க வேண்டாம், அவனைப் பெற்ற நீயே வந்து படி என்று வீட்டுக்குக் கூட்டிப் போனாள். தட்டில் பாகில் ஊறிய கூசிஸ்டர் பலகாரம் வைத்து, காப்பி ஊற்றி, எதிரே உட்கார்ந்தாள். நான் படித்தேன். முழுகின கப்பலில் இரண்டு பாய்லர் இருக்கின்றன, கலங்கல் தண்ணீரில் பின் பாய்லரை முன் பாய்லர் என்று நினைத்து உங்கள் மகனைத் தப்பான இடத்துக்குக் கூட்டிப் போனேன், மேலே ஏறிவரப் பிடிக்க வேண்டிய மிதவைக் கயிறு அங்கே இல்லை, தேடித் தேடியே அவன் சிலிண்டரில் காற்றுத் தீர்ந்துபோனது, கடல்மூங்கில் பாசிக் காட்டுக்குள் மேலே ஏறினோம், அதில் சிக்கிக்கொண்டான், நான் வெட்டி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, அவனைக் கொன்றது நான்தான் ஆன்ட்டி என்று எழுதியிருக்கிறாய். 'கொன்றது' என்ற சொல் வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. மூன்று வருஷமாக நீ ஏன் கடலே இல்லாத ஊராகப் பார்த்துப் போய் உட்கார்ந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சும்மா இருந்தேன்.

நீ தப்பான பாய்லருக்குப் போகவில்லை டெனோவன். அன்று என் படகிலிருந்து நீங்கள் இருவரும் இறங்கிப் போன பிறகு எனக்குக் குளிர் எடுத்தது. என்ஜினை அணைத்துவிட்டு, படகை மிதவைக் கயிற்றிலேயே கட்டிப் போட்டேன். செத்தாலும் அப்படிக் கட்டாதே என்று உன்னைத் திட்டியிருக்கிறேனே, அதே நான்தான். கட்டிவிட்டு ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட உட்கார்ந்தேன். மலையிலிருந்து காற்று இறங்கிப் படகை வெளிக்கடல் பக்கம் தள்ளியது, படகு கயிற்றை இழுத்தது, கயிறு அடியில் கிடந்த இரும்புக் குண்டை இழுத்துக்கொண்டு போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தபோது மிதவை நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளி இருந்தது. என்ஜினைக் கிளப்பிப் பழைய இடத்துக்கு வந்தேன், உங்கள் மூச்சுக் குமிழி எங்கும் தெரியவில்லை. விசாரணையில் கயிறு எங்கே இருந்தது என்று கேட்டார்கள், முன் பாய்லர் பக்கம்தான், அசையவே இல்லை என்றேன். நீ எழுந்து, அப்படியென்றால் நான்தான் மாறிப் போயிருக்கிறேன் என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை.

நான்கு நாள் கழித்துக் காற்று ஓய்ந்ததும் தனியாக இறங்கிப் பார்த்தேன். முன் பாய்லர் வாயில் எல்ரிக்கோவின் மஞ்சள் டார்ச் கிடந்தது. அங்கிருந்து மணலில் குண்டு இழுபட்ட தடம் நீளமாகப் போனது. நீங்கள் வர வேண்டிய இடத்துக்குச் சரியாகத்தான் வந்திருக்கிறீர்கள். டார்ச்சை எடுத்து வந்து வலைக்கொட்டகையில் பெயின்ட் டப்பாவுக்குள் ஒளித்துவைத்தேன். உன்னை நினைத்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். என் படகு, என் பெயர், ஊரில் எனக்கிருந்த மரியாதை, அதற்காகத்தான் செய்தேன்.

இதையெல்லாம் ஃபிலிடாவிடம் சொன்னேன். வீட்டுக்குப் போய் டார்ச்சை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன். வெகுநேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "அப்போ ரெண்டு பேரும் சரியான எடத்துலதான் நின்னாங்களா பாசில்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அத அந்தப் புள்ளைக்கு எழுது. இப்பவே, இங்க உக்காந்தே எழுது. எங்கிட்ட மன்னிப்புக் கேக்கறதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள். அதனால் அவள் மேஜையில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது, இங்கிருந்து போய்ச் சொல்ல வேண்டும். நாளை துறைமுகப் போலீஸில் உள்ளபடி எழுதிக் கொடுக்கப் போகிறேன். படகு உரிமத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள், பிடுங்கட்டும்.

இதுவரை எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். மேலே ஓர் இடத்தில் 'ஒரு நிமிஷம் புத்தி கெட்டுப்போனது' என்று எழுதியிருந்தேன். "ஒரு நிமிஷம்னு எழுதாத, மூணு வருஷம்னு எழுது" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் சொன்னதுதான் சரி. மூன்று வருஷம் என் புத்தி கெட்டுத்தான் கிடந்தது.

என்னை மன்னிக்கச் சொல்லி உன்னிடம் கேட்க மாட்டேன். என் கடிதத்துக்குப் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, உன் கோபம் நியாயமானது. ஆனால் அம்மா எழுதினால் பதில் போடு. நேரத்துக்குச் சாப்பிடு. ஆண்டவரும் மாதாவும் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காக்கட்டும், உன் தலைமேல் கைவைத்து ஆசீர்வதிக்க எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் வைக்கிறேன்.

ஃபிலிடா ஆன்ட்டி உனக்கு ஒன்று சொல்லச் சொல்கிறாள். அவள் மகன் எப்படிச் செத்தான் என்றுதான் மூன்று வருஷமாக எல்லாரும் பேசுகிறார்களாம். அன்றைக்குக் கீழே அவன் என்னவெல்லாம் பார்த்தான், எதைக் காட்டிச் சிரித்தான் என்று சொல்ல உன்னை விட்டால் உலகத்தில் ஆளில்லையாம். இனிமேல் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம், அதை எழுது என்கிறாள். கண் ஆபரேஷன் முடிந்ததும் அவளே படித்துக்கொள்வாளாம்.

உன் அப்பா,
பாசில் ஃப்ளோரெஸ்