உறையில் எழுத வேண்டிய நாடு

லைப்சிக், 8-11-1963

அன்புள்ள உம்மாவுக்கு, நூருதீனின் சலாம். நான் சுகம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

இங்கே போன மாதம் தேர்தல். எல்லாரும் பார்க்க, சீட்டில் எதையும் குறிக்காமல் மடித்துப் போட வேண்டும்; அப்படிப் போட்டால் அரசாங்கப் பட்டியலுக்கு ஓட்டு. தனியாகக் குறிக்க மறைப்புக்குள் போகிறவர் பெயரைக் குறித்துக்கொள்வார்களாம். அது தெரியாமல், நான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவிடம், "எங்க உம்மா மீமிசல்ல மறைவாத்தான் ஓட்டுப் போடுவாங்க, அத்தாகிட்டகூடச் சொல்ல மாட்டாங்க" என்று பெருமை பேசினேன்.

அந்த அம்மாவும் மறைப்புக்குள் போய்விட்டார். அவருடைய டீச்சர் வேலை போய்விட்டது. இன்றும் ரொட்டியை என் தட்டில்தான் முதலில் வைத்தார்.

இதை ஊருக்கு வரும் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன். இதைப் பற்றித் தபாலில் கேட்காதீர்கள், பிரித்துப் படிப்பார்கள். தங்கச்சியை அடிக்கடி எழுதச் சொல்லுங்கள், உம்மா. உறையில் 'ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு' என்று முழுசாக எழுதட்டும். ஒரு சொல் விட்டாலும் கடிதம் எனக்கு வராது.

நூருதீன்