இரண்டாம் பகுதி: மக்கள்

மார்ச் 4

புள்ளிவிவரத் துறை அம்மையாருக்கு,

நலம். நலமா என்று கேட்பது வழக்கம், கேட்டுவிட்டேன்.

'நம் நாடு: ஓர் அறிமுகம்' கையேட்டில் வரலாறு எனக்கு, பொருளாதாரம் உனக்கு, நடுவிலுள்ள 'மக்கள்' பகுதியில் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று முடிவு செய்த அமைச்சகப் புத்திசாலிக்கு, நீ நான்கு வருடமாக அரசுக் குடியிருப்பில் தனியாக இருப்பது தெரியாது போலும். தெரிந்தேதான் செய்தானோ என்னவோ. எனக்கு வரவேண்டிய பேராசிரியர் பதவியைத் தட்டிக்கொண்டு போன என் மாணவன்தானே அங்கே ஆலோசகர்.

வரலாறு முடிந்தது. கப்பல்கள், கரும்பு, கொள்ளைநோய், துறைமுக வேலைநிறுத்தம், கொடியேற்றம், எல்லாம் ஆறு பக்கத்துக்குள். மக்கள்தொகை ஒன்பது லட்சம் என்று எழுதியிருந்தேன். நீ அதை அடித்துவிட்டுப் பதினொன்று என்று போட்டிருக்கிறாய். வெளிநாட்டுக்குப் பறந்துபோன இரண்டு லட்சம் பேர் எந்த விதத்தில் இந்நாட்டு மக்கள்? இங்கே மழை பெய்தால் அவர்கள் நனைகிறார்களா?

திருத்திக் கையெழுத்திட்டு, இதைக் கொண்டுவரும் அமைச்சக ஓட்டுநரிடமே கொடுத்தனுப்பு.

இப்படிக்கு,
வரலாற்றுப் பகுதி ஆசிரியர்

மார்ச் 6

நம் மகளின் அப்பாவுக்கு,

வணக்கம். இரத்த அழுத்த மாத்திரையை வேளாவேளைக்குப் போடுகிறீர்களா?

இதைத் தொலைபேசியில் பேசி முடித்திருக்கலாம். ஆனால் அதைக் கையில் எடுத்தாலே உங்களுக்கு வகுப்பறை ஞாபகம் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

சர்க்கரை ஆலைகளில் பாதிக்குமேல் மூடிக்கிடக்கின்றன. கடற்கரை விடுதிகள் மழைக்காலம் முழுக்கக் காலி. இந்த நாட்டில் அடுப்பு எரிவது அந்த இரண்டு லட்சம் பேர் அனுப்பும் பணத்தில். பொருளாதாரத்தில் அவர்களைச் சேர்த்துக்கொண்டு மக்களில் விட்டுவிட என்னால் முடியாது. காசு நம்முடையது, ஆள் மட்டும் நம்முடையதில்லையா?

நீங்கள் இரண்டு லட்சம் என்று எழுதினாலும் மனதில் இருப்பது ஒருத்திதான். அவள் பேசினாள். விடுப்புக் கிடைக்கிறதாம். குழந்தையோடு ஒரு மாதம் பிறந்த வீட்டில் இருக்க ஆசை. "அப்பா சேத்துக்குவாராம்மா? இல்ல, புள்ளையத் தூக்கிட்டு வாசல்ல நிக்கணுமா?" என்று கேட்டாள். "அவரையே கேக்கறேன்" என்றேன். "அவரே ஒரு வரி எழுதட்டும், உடனே கிளம்பறேன். இல்லேன்னா நீ இங்க வந்துடு, எங்ககூடவே இருந்துடு" என்றாள். இந்த வாரத்துக்குள் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கையேடு முடிந்ததும் எனக்கு விருப்ப ஓய்வு, தெரியுமல்லவா.

ஆறு பக்கம் எழுதியவருக்கு ஒரு வரியா கஷ்டம்?

உங்கள் நலம் நாடும்,
அவள் அம்மா

மார்ச் 9

அம்மையாருக்கு,

மாத்திரை போடுகிறேன். உன் கடிதத்துக்கு அது போதவில்லை.

அரசாங்கச் செலவில் மருத்துவம் படித்தாள். இங்கே பெரிய மருத்துவமனையிலேயே மயக்க மருந்து கொடுக்க ஆளில்லாமல் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள். அவள் வேறெங்கோ, வேறு யாரையோ தூங்கவைத்துக்கொண்டிருக்கிறாள். அது போகட்டும். நான் வகுப்பில் இருந்த நேரம் பார்த்து அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்தது யார்? "போயிட்டாளா?" என்றேன். "சொன்னா விட்டிருப்பீங்களா?" என்று திருப்பிக் கேட்டாய். விட்டிருப்பேனா, மாட்டேனா? எனக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் வாய்ப்பைக்கூட நீங்கள் இருவரும் எனக்குத் தரவில்லை.

ஒன்பது லட்சம்தான். உன் எண்ணின் கீழ் கையெழுத்துப் போட மாட்டேன். அவளுக்கும் எழுத மாட்டேன். ஓட்டுநர் வேறு, "சார், நான் புத்தகத்துக்கு வண்டி ஓட்டறேனா, உங்க குடும்பத்துக்கு ஓட்டறேனா?" என்று சிரிக்கிறார்.

இப்படிக்கு,
வரலாற்றுப் பகுதி ஆசிரியர்

மார்ச் 12

மகளின் அப்பாவுக்கு,

உங்களிடம் சொல்லாமல் அழைத்துப்போனது தப்புதான். ஆனால் அதே வாரம் பத்திரிகையில் நீங்கள் எழுதிய கட்டுரையை வசதியாக மறந்துவிட்டீர்கள். தலைப்பு 'ஓடுகாலிகள்'. புது ஊரில் படுக்கைகூட வாங்காமல் தரையில் உட்கார்ந்து அவள் அதைப் படித்தாள். வீட்டில் கேட்க வேண்டியதை ஊரைக் கூட்டிக் கேட்டீர்கள்.

உங்கள் ஆறு பக்கத்தை மறுபடி படித்தேன். முதல் கப்பலைப் பற்றி, 'தகப்பன் மண்ணை விட்டுத் துணிந்து புறப்பட்ட அந்த இளைஞர்களே இந்நாட்டின் வேர்' என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது. அந்தத் தகப்பன்மார் கரையில் நின்று என்ன சொல்லித் திட்டினார்கள்? அதை ஏன் எழுதவில்லை? இந்தத் தீவில் ஓடுகாலியின் வம்சத்தில் பிறக்காதவர் யார், ஒருவரைக் காட்டுங்கள்.

வெள்ளிக்கிழமை விமானத்தில் இடம் போட்டுவிட்டேன். திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை. பக்கத்தில் என் பதினொரு லட்சத்தை மாற்றவும் இல்லை. உங்கள் ஒன்பது லட்சத்தில் இன்னும் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அவள் அம்மா

மார்ச் 14, வியாழன்

உனக்கு,

நேற்று முழுவதும் அந்தத் தகப்பன்மாரைத் தேடினேன். ஆவணக் காப்பகத்தில் எதுவும் இல்லை. கரையில் நின்று திட்டியவர்களை யாரும் பதிவு செய்யவில்லை. போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் பிறகு வரலாறு எழுதினார்கள். நானும் அதில் ஒருவன்.

பதினொரு லட்சம் என்ற பக்கத்தில் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். இதனால் உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. போகவில்லை. அந்த மாணவன்மேலும் போகவில்லை.

அவளுக்கு எழுதினேன். ஒரு வரி கேட்டாளாம், நாலைந்து வந்துவிட்டது. அதில் ஒரு வரி திட்டு. அடித்துப் பார்த்தேன், கடிதம் என்னுடையது மாதிரியே இல்லை. அதனால் திரும்பவும் எழுதிவிட்டேன். உறையை ஒட்டிய பிறகுதான் பேனாவோடு விழித்தேன். அவள் எந்தத் தெருவில் இருக்கிறாள், எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. இத்தனை வருடமும் நான் கேட்டதில்லை.

உறை முகவரி இல்லாமல் வருகிறது. கையிலேயே கொண்டுபோய்க் கொடு. அல்லது இன்றே கூப்பிட்டுப் படித்துக் காட்டு. நீ போவதா, அவள் வருவதா, நீங்களே பேசிக்கொள்ளுங்கள். இந்தத் தடவை எனக்கும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

ஓட்டுநரை உடனே திருப்பியனுப்பாதே. ஒரு விஷயம் அவரிடம் வாய்வழியாகச் சொல்லியனுப்பு, போதும். குழந்தை ஆணா, பெண்ணா?

இப்படிக்கு,
நான்தான்