வேகமாக வாசித்த கடிதம்

மச்சான்,

நேற்று அஸர் தொழுதுவிட்டு வரும் வழியில் உன் வீட்டில் கூப்பிட்டு ஒரு பையைத் தந்தார்கள். நீ கண்மூடியபின் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்த இத்தா முடிந்த கையோடு உன் மனைவி அலுமாரியை ஒதுக்கியிருக்கிறாள். பைக்குள் மூன்று வீடியோ கசெட். மூடியைத் திறந்ததும் பூஞ்சணமும் பூச்சி உருண்டையும் கலந்த மணம். போட்டுப் பார்க்கக் கற்பிட்டியில் இப்போது டெக் எவனிடம் இருக்கிறது? ஆனாலும் வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டு, சாப்பிடவும் மனமில்லாமல் குந்தியிருந்தேன். நீ போனதிலிருந்து எனக்கு எல்லாமே அலுப்புத்தான். பையைத் தரும்போது அவள் ஒன்று சொன்னாள். அதைக் கடைசியில் சொல்கிறேன், உனக்கு அப்படிச் சொன்னால்தானே பிடிக்கும்.

அந்தச் சனிக்கிழமைகளை நினைத்துப் பார்க்கிறேன். வாடகை டெக் உன் வீட்டுக்கு வரும். வெளிச்சம் வராமல் உன் வாப்பாவின் சாரன்களை ஜன்னலில் கட்டுவோம். எல்லாம் இங்கிலீஷ் பேய்க்கூத்து. முகமூடி போட்ட ஒருவன் கத்தியோடு வருவான், விடுமுறைக்கு வந்த இளசுகள் ஒவ்வொன்றாகச் சாகும். நாலு எழுத்து இங்கிலீஷ் படித்தவன் என்று என்னை டீவிக்குப் பக்கத்தில் இருத்தி, கதை சொல்ல வைப்பீர்கள். எனக்குப் பாதிதான் விளங்கும். மீதியை என் பாட்டுக்குக் கதையாகக் கட்டிவிடுவேன்.

ஒரு படத்தில், கொலைகாரன் பொலிஸ்காரன்தான் என்று நான் அடித்துச் சொல்ல, முகமூடியைக் கழற்றினால் உள்ளே இருந்தது ஊர் டொக்டர். எல்லோரும் தலையணையால் எறிந்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. பிறகு வெளியே வந்து என்னிடம் சொன்னாய்.

"விளங்கின இடத்தில நீ மெதுவாச் சொல்றாய். விளங்காத இடத்தில பஸ் பிடிக்கப் போறவன் மாதிரி கதைக்கிறாய்."

அந்தப் படங்களின் முடிவைப் பற்றி நாம் பிடித்த சண்டைக்கு அளவேயில்லை. எனக்கு அவை எரிச்சல். கூரையிலிருந்து விழுந்து, நெருப்பில் வெந்து, செத்துக் கிடப்பவன் அடுத்த பாகம் எடுக்க வேண்டும் என்பதற்காகக் கடைசி நிமிடத்தில் எழும்புவான். இல்லாவிட்டால் படம் முழுக்க நிழலையும் காட்டாத ஓர் இரட்டைத் தம்பி வந்து நிற்பான். ஆட்டம் முடியும்போது சட்டத்தை மாற்றுகிற வேலை அது என்பேன். உனக்கோ அந்த ஒரு நிமிடம்தான் படமே. முடிந்தது என்று மூச்சு விடும் நேரம் பார்த்து ஒரு தட்டுத் தட்டுவானே, அதற்காகத்தான் ஒன்றரை மணித்தியாலம் குந்தியிருப்பது என்பாய். ஆனால் எல்லாத் தட்டையும் நீ ஏற்றுக்கொண்டதில்லை. டெக்கை மஃரிப் தொழுகைக்கு முதல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் கத்தக் கத்த, கசெட்டைப் பின்னுக்குச் சுற்றி மறுபடி பார்ப்பாய்.

"ரெண்டாந்தரம் பார்க்கக்குள்ளயும் சரி வரணும். வந்தாத்தான் கெட்டித்தனம். வராட்டி ஏமாத்து."

பிறகு நீ டொல்பின் பார்க்க வருகிறவர்களைப் போட்டில் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போனாய். நான் கந்தோரில் பைல் கட்டினேன். போன வருடம் உனக்கு வயிற்று வலி வந்தது. கொழும்பில் ஓர் ஆசுபத்திரியில் டொக்டர் இங்கிலீஷில் ஒரு கடிதம் தந்தார். வெளியே நீள வாங்கில் குந்தியபடி நீ அதை என்னிடம் நீட்டினாய்.

"வாசி மச்சான்."

ஈரலில் கட்டி முற்றிவிட்டது, இனி நோவைக் குறைக்க மட்டுமே மருந்து என்று அதில் இருந்தது. ஈரலில் வீக்கம், மருந்து குடித்தால் ஆறு மாதத்தில் வற்றிவிடும், உப்பைக் குறைக்கட்டாம் என்று நான் வாசித்தேன். நீ கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, சரி, டீ குடிப்போம் என்றாய். அப்பாடா, நம்பிவிட்டான் என்று நினைத்தேன்.

ஊருக்கு வந்து குசினிக் கூரையை மாற்றினாய். பத்து வருடம் கதைக்காமல் இருந்த உன் கூடப்பிறந்த ராத்தாவைப் பார்க்கச் சிலாபம் போனாய். ஒரு நாள் இறங்குதுறையில் கயிற்றைக் கட்டிக்கொண்டே, ஏதும் பிழை விட்டிருந்தால் பொருந்திக்க மச்சான் என்றாய். ஹஜ்ஜுக்குப் போகிறவன் வீடு வீடாகப் போய்க் கேட்கும் மன்னிப்பை நீ ஏன் இப்போது கேட்கிறாய் என்று சிரித்து மழுப்பினேன். யாராவது அப்படிக் கேட்டால் நாமும் திருப்பிக் கேட்பதுதான் முறை. நான் கேட்கவில்லை. கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயந்தேன்.

நேற்று உன் மனைவியிடம் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டேன். நீ போன இந்த ஐந்து மாதமும் நெஞ்சில் கிடந்தது, அடக்க முடியவில்லை. அண்ணன் முறைக்கு என்னை நானா என்பவள், பையை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

"அவருக்கு அண்டைக்கே தெரியும் நானா. 'அவன் வேகமா வாசிச்சான்' எண்டு வந்து சொன்னாரு. உங்கள்ட்டக் கேக்க வேணாமெண்டும் சொன்னாரு. 'பாவம், கஷ்டப்பட்டுக் கட்டின கதை, இருக்கட்டும்' எண்டாரு."

ராத்திரி எல்லாவற்றையும் பின்னுக்குச் சுற்றிப் பார்த்தேன். கூரை, ராத்தா, இறங்குதுறை, எல்லாம் சரி வருகிறது. ஏமாற்று இல்லை. நீ வென்றாய், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த மாதிரி முடிவிலும் ஒரு பிழை இருக்கிறது மச்சான், அதை நாம் இருவருமே கதைத்ததில்லை. இரண்டாந்தரம் பார்க்கும்போது பக்கத்துக் கதிரையில் ஆள் இல்லை. இப்போது எனக்கு அந்த ஏமாற்று முடிவே போதும். நியாயம் ஒன்றும் வேண்டாம், நீ சும்மா எழும்பி வந்தால் சரி.

அது நடக்காது. அதனால் அன்று திருப்பிக் கேட்காததை இப்போது கேட்கிறேன். அந்தப் பொய்யைப் பொருந்திக்கொள். இன்று விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டுத் தொடங்கிய இந்த மடலை, இப்போது நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லும்போதுதான் முடிக்கிறேன். ஒரு வரியையும் வேகமாக எழுதவில்லை.