பூளைச்செடி முன்வாசலில்தான் இருக்கும்

அன்புக் கண்ணு இனியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், போபால் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் எனக்கு ஓயாத கவலை. உன் கடிதத்துக்குப் பதில் போட மூன்று வாரம் தாமதம், கோபித்துக்கொள்ளாதே, இங்கே ஒரு செடிச் சண்டை. நம் லேஅவுட் சங்கத்தில் மார்கழியில் ஒரு தாள் கொடுத்தார்கள், எல்லா வீட்டு முன்வாசலிலும் இட்லிப்பூ, காகிதப்பூ, அலங்காரப் பனை மட்டும்தான் இருக்க வேண்டுமாம், மற்றதெல்லாம் களையாம். நீ காலேஜுக்குக் கிளம்பும் முன் கொடுமுடிப் பக்கம் காட்டோரத்திலிருந்து நாம் கொண்டுவந்து வைத்தோமே, ஆவாரையும் பூளையும், அவற்றைத்தான் சொல்கிறார்கள். போர்ட்டிகோ ஓரம் வெயில் கொளுத்துகிற இடம், மூன்று முறை ரோஜா வைத்துக் கருகிப்போனது, இவை வாரம் ஒரு குடம் தண்ணீரில் நிற்கின்றன என்று செயலாளர் ரங்கநாயகி அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, ஏனுங்க செவ்வந்தி, காட்டு வேலைக்குப் போறவங்க ஊடு மாதிரி இருக்குதுங்க, அதுக்குத்தான் சொல்றேன் என்றார். எங்கப்பனும் ஆத்தாளும் காட்டு வேலைக்கு, கூலிக்குக் களையெடுக்கப் போய்த்தானுங்க என்னைக் காலேஜ் படிக்க வெச்சாங்க, அப்படியே இருக்கட்டுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பாவோ, எதுக்கு வம்பு, பிடுங்கிப்போடு, நாளைக்கு ஒருத்தரும் நம்மகூடப் பேச மாட்டாங்க என்றார்.

மறுவாரம் நான் வேலைக்குப் போயிருந்தபோது சங்கத்துக்காரர்கள் தங்கள் தோட்டக்காரர் ஐயாசாமியை விட்டுப் பூளையைப் பிடுங்கச் சொல்லிவிட்டார்கள். அவர் வேர் மண்ணோடு எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி மதிலோரம் வைத்திருந்தார், எனக்குக் கையே வரலீங்க அம்மணி, ஆனாச் சொல்லிப்போட்டாங்க என்றார். அன்றைக்கே திரும்ப நட்டேன், பிழைத்துக்கொண்டது. இனிதான் கேள். போகியன்று வாசல் நிலையில் காப்புக் கட்ட வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேண்டுமல்லவா, ரங்கநாயகி அம்மாவின் வீட்டுக்காரர் சாயங்காலம் உக்கடம் மார்க்கெட் வரை போய் எல்லாம் தீர்ந்துபோச்சு என்று வெறுங்கையோடு வந்திருக்கிறார். வருஷா வருஷம் கட்டாக வாங்கியே பழகியவர்கள், பிடுங்கச் சொன்னது அந்தப் பூச்செடியைத்தான் என்று அவர்களுக்குத் தெரியவே இல்லை. ஐயாசாமிதான் நம் வீட்டைக் கை காட்டியிருக்கிறார். ஆறு வீட்டுக்காரர்கள் நம் வாசலில் வந்து நின்றார்கள், நல்ல நாளில் இல்லையென்று சொல்வேனா, எல்லோருக்கும் பறித்துக் கொடுத்தேன். ரங்கநாயகி அம்மா வாங்கிக்கொண்டு, இனிமேல் கொல்லைப்புறம் வெச்சுக்குங்க, நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம் என்றாரே பார்க்கலாம். பூ வேணும்னா முன்வாசலுக்கு வந்துதானுங்க பறிக்கோணும் என்றேன்.

பொங்கல் முடிந்ததும் இரண்டாவது தாள் வந்துவிட்டது, செடியை எடுக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டுமாம். எடுக்க முடியாது என்று ஒரே வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார், பேனாவை வாங்கி என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினார். கூட்டத்துக்கு இருவரும்தான் போகிறோம். பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனாலும் போவோம்.

நீ நன்றாக இரு கண்ணு, நினைத்ததெல்லாம் கைகூடட்டும். காலையில் சாப்பிடாமல் ஓடாதே. ஹாஸ்டல் ஜன்னலில் என்ன செடி வைக்கலாம் என்று கேட்டிருந்தாய், அந்த ஊர் மண்ணில் தானாக முளைப்பது எதுவென்று பார்த்து வை. யாராவது சிரித்துக்கொண்டே உன் ஊரையும் வீட்டையும் கேட்டால், தலை குனியாமல் முழுதாகச் சொல்.

உன் அம்மா,
செவ்வந்தி