மீந்த ஒரு தாள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஜெபம் இரண்டே நிமிடம். செய்த தப்புகளை வரிசையாக ஒப்பித்தேன், மன்னிப்புக் கேட்டேன், ஆமென் சொல்லி எழுந்துவிட்டேன். சின்ன வயதில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் கதைப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுப் பாடப் புத்தகத்தை விரிப்பேனே, அதே அவசரம். தேவபயம் வேண்டும் என்கிறார் போதகர். இதுதானா அது?

மார்ச் 9, ஞாயிறு

அக்காவின் குழந்தைக்கு எட்டு நாள். முதல் முறையாக என் மடியில் வைத்தாள். தோள் விறைத்து, மூச்சுவிடக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

"ஏண்டி இப்படி நடுங்குற? அவ என்ன உன்னை அடிச்சிடவா போறா?"

சிரித்துவிட்டேன். ஆனால் வழியெல்லாம் அதே யோசனை. அடிக்காத ஒருத்திக்கு ஏன் பயந்தேன்? அவ்வளவு பயந்தும் திருப்பிக் கொடுக்க ஏன் மனம் வரவில்லை?

மார்ச் 13, வியாழன்

தப்பு செய்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைப் பொட்டலம் கட்டி, கிருமி நீக்கும் நீராவி இயந்திரத்துக்கு அனுப்புவது என் வேலை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறு தாள் வைக்க வேண்டும். நீராவி உள்ளே வரை போனால் தாள் கறுக்கும். இன்று பன்னிரண்டு பொட்டலம். எல்லாம் வெந்து, ஆறி, அலமாரிக்குப் போன பிறகு பார்க்கிறேன் — மேசையில் ஒரு வெள்ளைத் தாள் மிச்சம்.

எதில் வைக்கவில்லை? தெரியாது. சொன்னால் பன்னிரண்டையும் பிரிக்க வேண்டும். காலை ஆபரேஷன்கள் தள்ளிப்போகும். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரே மாதம். எங்கள் பிரிவுப் பொறுப்பாளர் மேடம் என்னை உரித்துவிடுவார். இயந்திரம் சரியாகத்தானே ஓடியது, என்ன ஆகிவிடும்? கட்டியது நானா, கூட வேலை செய்கிறவளா என்று பொட்டலத்தில் எழுதுவதும் இல்லை.

தாளைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜெபிக்க முடியவில்லை. அப்பாவுக்குப் பயந்து நான் கற்றுக்கொண்டது என்ன? ஒளிப்பது. அது ஒன்றுதான். நாளை ஆபரேஷன் மேசையில் படுக்கப்போகிறவரும் எட்டு நாள் குழந்தையாக இருந்தவர்தானே. என் மடியில் வைக்கப்பட்டவர். வைத்தது யார் என்று நினைக்கும்போதுதான் உடம்பு நடுங்குகிறது. ஆனால் இந்த நடுக்கம் ஓடச் சொல்லவில்லை — போய்ச் சொல் என்கிறது.

மார்ச் 14, வெள்ளி

ஆறு மணிக்கே போய்ச் சொன்னேன். மேடம் கத்தவில்லை. அது இன்னும் மோசம்.

"நேத்தே சொல்லியிருக்கணும்."

"ஆமா மேடம்."

இயந்திரத்தை ஓட்டுகிற அண்ணன்தான் வாயைத் திறந்தார். "காலங்காத்தால பன்னிரண்டு பேருக்கும் மறுபடி ஆவிக் குளியலா! வாம்மா, பிரி."

ஒன்பதாவதில் தாள் இல்லை. இரண்டு ஆபரேஷன் இரண்டு மணி நேரம் தாமதம். என் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது.

மார்ச் 15, சனி

பயம் போகவில்லை. ஒளிந்துகொள்ளத் தோன்றுவதுதான் போயிருக்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

ஒரு பொட்டலத்தை ஒட்டி முடித்த பிறகு சந்தேகம் வந்தது. அறையில் யாருமில்லை. பிரித்தேன். தாள் இருந்தது. மறுபடி கட்டினேன். அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, மேடம் பயமா?"

"மேடம் இன்னிக்கு லீவுண்ணா."

சாயங்காலம் வந்ததும் ஜெபிக்க உட்கார்ந்தேன். கண் திறந்தபோது அறை இருட்டியிருந்தது. விளக்கைப் போட உடனே எழுந்திருக்க மனம் வரவில்லை.