டோரீனின் உதடுகளுக்கு என் குரல்

19 ஜனவரி 1959, திங்கள்

அடக்கம் முடிந்து ஏழு நாள். இன்று ஸ்டுடியோவுக்குப் போனேன். நகைச்சுவைப் படம், வங்கி முதலாளியின் மனைவிக்கு மூன்று அலறல், ஒரு தும்மல். அந்த நடிகை அலறினால் இருமல்தான் வருகிறது. ஆகவே நான். திரையில் வாயசைப்பவர்களுக்குக் குரல் கொடுப்பது என் பிழைப்பு. பெயர் போட மாட்டார்கள்.

மூன்று அலறலும் முதல் தடவையே சரியாக வந்துவிட்டன. ஒலிக்கூடத்து பெர்சி லோமாக்ஸ் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

"தங்கச்சியைப் புதைச்சிட்டு வந்து இப்படி அலறுறியே, உனக்கு ஒண்ணும் பண்ணலையா?"

ஒன்றும் பண்ணவில்லை. அதை எழுதத்தான் இந்த நோட்டை எடுத்தேன். வீட்டுக்கு வந்து ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றேன். பேருந்துச் சீட்டை இரண்டாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். டோரீன் செத்துப்போனாள் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். வசனம் சரியாகத்தான் வந்தது.

21 ஜனவரி, புதன்

மூடுபனி. இப்படியொரு பனியில்தான் டோரீன் மேல் மோதிய லாரிக்காரன் அவளைப் பார்க்கவில்லையாம். வேலைக்குக் கூப்பிட ஆளில்லை. சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன்.

23 ஜனவரி, வெள்ளி

இயக்குநர் ஹாலட் கூப்பிட்டனுப்பினார். டோரீன் கடைசியாக நடித்த படம் அவருடையது. வானத்திலிருந்து விழுந்த கல்லுக்குள்ளிருந்து கூழ் மாதிரி ஒன்று வழிந்து வந்து ஊரையே விழுங்கும் கதை. டோரீன்தான் கதாநாயகி. கல் குவாரியில் எடுத்த காட்சிகளில் தண்ணீர் இறைக்கும் பம்பு சத்தம் பேச்சையே மூடிவிட்டதாம். அந்தக் காட்சிகளுக்கு மட்டும் வேறு குரல் போட்டால் ஒட்டாது. முழுப் படத்துக்கும் போட்டுவிடலாம் என்கிறார்.

"உங்க ரெண்டு பேருக்கும் தொண்டை ஒண்ணுதானே, மிஸ் டிரான்டர். உங்களைவிட வேற யாரு பொருத்தம்?"

"அவ ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கே. தன் வசனத்தைத் தானேதான் பேசுவேன்னு."

"இருந்துச்சு. வக்கீல்கிட்ட கேட்டுட்டோம். அந்த வரி அவங்களோட போயிடுச்சு."

அந்த வரி எப்படி வந்தது என்று ஹாலட்டுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன், பாதிரியார் வீட்டுக் கோமாளித்தனப் படம் ஒன்றில் டோரீனுக்கு நல்ல வேடம் கிடைத்தது. குரல் மூக்கால் வருகிறது என்று சொல்லி, அவளுக்குத் தெரியாமல் என்னை வைத்துப் பேசவைத்தார்கள். வெளியே சொல்லக்கூடாது என்பது இந்தத் தொழிலின் வழக்கம். நானும் சொல்லவில்லை. முதல் காட்சியன்று, புது உடுப்புப் போட்டுக்கொண்டு அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து, தன் வாயிலிருந்து என் குரல் வருவதை அவள் கேட்டாள். இடைவேளைக்கு முன்பே எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசிப் பேசிக் குரலைப் பழக்கினாள். ஒரு வருடம் வகுப்புக்குப் போனாளாம். அப்புறம் அந்த ஒரு வரிக்காகச் சண்டை போட்டு வாங்கினாள்.

ஹாலட்டிடம் சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்ல ஏதாவது உணர்ச்சி வேண்டுமே.

2 பிப்ரவரி, திங்கள்

தொடங்கிவிட்டோம். ஒரு வசனம் வரும் துண்டை வெட்டி, முனைகளை ஒட்டி வளையமாக்கிவிடுவார்கள். அது சுற்றிக்கொண்டே இருக்கும். காதில் டோரீனின் குரல், திரையில் டோரீனின் உதடு. பிறகு காதில் குரலை நிறுத்துவார்கள். அந்த உதட்டுக்கு நான் பேச வேண்டும்.

"டாக்டர், அது மூச்சு விடுது." இருபது தடவை அவள் சொன்னாள். மூன்றே தடவை நான் சொன்னேன், முடிந்தது. இன்று பதினோரு வளையங்கள். எல்லோருக்கும் சந்தோஷம்.

தேநீர் குடிக்கும்போது பெர்சியிடம் கேட்டேன், பழைய ஒலி நாடாவை என்ன செய்வீர்கள் என்று.

"என்ன செய்வாங்க? எப்பவும் செய்யறதுதான். அழிச்சிட்டு அடுத்த படத்துக்கு எடுத்துக்குவோம்." கோப்பையைக் கழுவிக்கொண்டே, "தங்கம், நீ மாட்டேன்னா இன்னொருத்தி வந்து பேசிட்டுப் போவா. உன்னால எதுவும் மாறப்போறதில்ல" என்றார்.

ஜாம் வைத்த பன் கொடுத்தார்கள். தின்றேன்.

8 பிப்ரவரி, ஞாயிறு

ஸ்ட்ரீத்தமில் அம்மா வீடு. ஆட்டிறைச்சி, வேகவைத்த முட்டைக்கோஸ். அம்மாவும் அழவில்லை. அடுப்பங்கரையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள்.

சாப்பிட்டதும் மேசை இழுப்பறையிலிருந்து டோரீனின் கடிதத்தை எடுத்துக் காட்டினாள். கிறிஸ்துமஸுக்கு எழுதியது. 'இந்தப் படத்துல என் சொந்தக் குரல்மா. பேய்ப் படம்னு சொல்லிட்டு வராம இருந்துடாதே. கண்ணை மூடிக்கிட்டாவது வந்து கேளு.'

"சொந்தக் குரல்னா என்னடி அர்த்தம்? அதுக்கு முன்னாடி யாரு குரலாம்?"

"தெரியலம்மா."

"எதுவானா என்ன. நான் போகத்தான் போறேன். முகத்துக்குப் போட்டோ இருக்கு. குரலுக்கு என்ன இருக்கு என்கிட்ட?"

தெரியலம்மா என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். ஒரே தடவையில்.

10 பிப்ரவரி, செவ்வாய்

குவாரிக் காட்சி. பேராசிரியரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "திரும்பிப் பார்க்காதீங்க, ஓடுங்க" என்று கத்துகிறாள். பம்பு தடதடவென்று அடிக்கிறது. ஆனால் கேட்கிறது. காது கொடுத்தால் கேட்கிறது. மூக்கால்தான். ஒரு வருட வகுப்பெல்லாம் காற்றில் போய், தெற்கு லண்டன் பெண்ணாகக் கத்துகிறாள்.

நான் பேசினேன். பொருந்தவில்லை. மறுபடி. பொருந்தவில்லை. முப்பத்தெட்டு தடவை.

ஹாலட் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னைக்கு என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றார். தொண்டை சரியில்லை என்றேன். அவர் போனதும் பெர்சி உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"உதட்டுக்கு ரெண்டு ஃபிரேம் பின்னாடி வர்ற. முப்பத்தெட்டு தடவையும் அதே ரெண்டு. தெரியாம தப்பு பண்றவங்களுக்கு இவ்வளவு ஒழுங்கா வராது தங்கம்."

காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"போன வாரம் பேசினதையும் கெடுத்தாத்தான் அவ குரல் படத்துல நிக்கும். தெரியுமில்ல? இது பரவிடுச்சுன்னா உன்னை ஒருத்தனும் கூப்பிட மாட்டான்."

"தெரியும்."

"சரி. நாளைக்கு அதையெல்லாம் திரும்ப எடுக்கணும்னு சொல்றேன். ஒலி அளவு ஒட்டலன்னு."

13 பிப்ரவரி, வெள்ளி

மூன்று நாளாக இரண்டு ஃபிரேம். நன்றாகச் செய்வதைவிட இது கடினம். வாய் தானாகப் போய் உதட்டில் உட்காரப் பார்க்கிறது, பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது.

மாலையில் ஹாலட் கணக்கை முடித்து என்னை அனுப்பிவிட்டார். வெளியீட்டுத் தேதி நெருங்கிவிட்டது, வேறு ஆளைப் பழக்க நேரமில்லை. பம்பு சத்தத்தை முடிந்தவரை குறைத்துக்கொண்டு டோரீனின் குரலையே விடப்போகிறார்களாம். "துக்கத்துல இருக்கீங்கன்னு நினைச்சிருக்கணும், தப்பு என்னோடது" என்றார். பரிதாபமாகத்தான் சொன்னார். ஆனால் போகும்போதே உதவியாளரிடம், "டிரான்டருக்குக் குரல் போயிடுச்சு. மத்த ஸ்டுடியோவுலயும் சொல்லிடு, பாவம், நேரம் வீணாகும்" என்றது காதில் விழுந்தது.

பதினான்கு வருடத் தொழில். கோட்டைப் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினேன். அப்போதும் ஒன்றும் பண்ணவில்லை.

22 பிப்ரவரி, ஞாயிறு

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பாதிரியார் படத்தில் பேசியது நான் என்று. அதனால்தான் அவள் என்னோடு பேசவில்லை என்று.

துடைத்துக்கொண்டிருந்த துணியை அம்மா கீழே வைத்தாள். "எனக்கு அன்னைக்கே தெரியும். ரெண்டு பேரையும் பெத்தவடி நான். நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்தேன். அவ இருக்கும்போதே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல."

வேறெதுவும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

16 மார்ச், திங்கள்

எந்த ஸ்டுடியோவும் கூப்பிடவில்லை. துணிக்கடையில் கையுறைப் பிரிவில் நிற்கிறேன்.

9 ஏப்ரல், வியாழன்

ஸ்ட்ரீத்தமில் மதியக் காட்சி. அம்மா தேவாலயத்துக்குப் போகும் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தாள். முதல் கால் மணி நேரம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டே கேட்டாள். டோரீன் வாயைத் திறந்தபோதெல்லாம் தலையை ஆட்டினாள்.

குவாரிக் காட்சி வந்தது. பம்பு சத்தத்தைக் குறைத்ததாகச் சொன்னார்கள், நன்றாகவே கேட்டது. பின்னாலிருந்து எவனோ, "அந்த மோட்டாரை நிறுத்துங்கப்பா, பொண்ணு என்னவோ சொல்லுது" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். டோரீன் கத்தினாள், திரும்பிப் பார்க்காதீங்க, ஓடுங்க. என் வாயும் சத்தமில்லாமல் கூடவே அசைந்தது. இந்தத் தடவை சரியாக, ஒரு ஃபிரேம்கூடப் பிசகாமல். அப்போதுதான் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, நின்றால்தானே? தொழிலில் நான் போட்ட எந்தச் சத்தமும் அப்படி இருந்ததில்லை, அசிங்கமாக இருந்தது. அய்யோ, என்னால அடக்கவே முடியல.

முன் வரிசையிலிருந்த பெரியவர் திரும்பி, இருக்கை மேல் கையை வைத்துக்கொண்டு, "பயப்படாதேம்மா. அதெல்லாம் ரப்பரும் கஞ்சியும்தான். யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்றார்.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அவ அழட்டும்யா. நீங்க படத்தைப் பாருங்க."